கதவு ரப்பரை நெம்பிப் பாருங்கள்

ஆன்லைனில் விற்பனைக்கு வரும் பழைய ஃபியட், பத்மினி கார்கள் ஒரிஜினலா என்று படங்களை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். படத்தில் தெரிவது பெயின்ட். அதற்குக் கீழே பள்ளத்தையும் துருவையும் மறைக்க எவ்வளவு பட்டி (நிரப்பும் பசை) பூசியிருக்கிறார்கள் என்று தெரியாது.

போன வருடம் ஒரு வண்டியைப் பார்க்க சேலம் வரை போனேன். "1969 பத்மினி, எதையுமே மாற்றவில்லை" என்று விளம்பரம். 1969-ல் பத்மினி என்ற பெயரே கிடையாது, அப்போது அது ஃபியட் 1100 டிலைட். சரி, பேச்சுவழக்கில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். நேரில் போய் முன் கதவு ரப்பரை விரலால் நெம்பினால், கிரீம் பெயின்ட்டுக்கு அடியில் கரும்பச்சை. ஸ்டீயரிங் தண்டில் இருக்க வேண்டிய கியர் தரைக்கு இறங்கியிருந்தது. உள்பக்கப் படம் ஏன் போடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. இன்ஜின் பிளாக்கில் நம்பர் இருக்கும் இடத்தை அரம் வைத்து ராவியிருந்தார்கள். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

மாற்றுவது தப்பில்லை. பேட்டரிக்கு மின்சாரம் தரும் பழைய டைனமோவுக்குப் பதில் புதுவகை ஆல்டர்னேட்டர் போட்ட வண்டியை, அதைச் சொல்லி விற்றால், சந்தோஷமாக வாங்குவேன். தரைத்தகட்டுத் துருவையும் படம் எடுத்துப் போடுகிறவருக்குக் கூடுதலாகக் கொடுக்கவும் தயார்.

அப்புறம், 2021 விதிப்படி 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிக்குத்தான் விண்டேஜ், அதாவது பழங்கால வண்டி என்ற தனிப் பதிவு கிடைக்கும். கட்டணமே 20,000 ரூபாய். கிளம்புவதற்கு முன்பே ஆர்.சி. புத்தகம், வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்த சேசிஸ் நம்பர் இரண்டின் படத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.