தீவு பார்க்கப் போய் கருவாட்டோடு திரும்பிய கதை

தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். ராமேஸ்வரம் மூன்று தடவை, அந்தமான் ஒரு தடவை (அதன் இஎம்ஐ இன்னும் ஓடுகிறது) போயாச்சு. சென்னைக்கு வடக்கே, ஏரியும் தீவுமாக இருக்கிற பழவேற்காட்டுக்கு மட்டும் போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாகப் போனேன். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தால் ஏரி. இதற்கு எனக்கு நாற்பது வருஷம் பிடித்திருக்கிறது.

பள்ளிக்கூட செட் நாலு பேர். ரயில் எண்ணூர் தாண்டுவதற்குள் ஒருத்தன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டான். மீஞ்சூரில் சட்னி காலி.

முதலில் டச்சுக்காரர் கல்லறை. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். ஒல்லியான நண்பனை நடுவில் நிறுத்தி போட்டோ எடுத்தோம், வேறென்ன செய்வோம். ஆங்கிலேயர் 1639இல் சென்னையில் இடம் வாங்குவதற்கு 26 வருஷம் முன்பே, 1613இல், டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். இங்கிருந்து துணி ஏற்றிக்கொண்டு போய், இந்தோனேசியத் தீவுகளில் மசாலா வாங்கும் வியாபாரம். எங்க அப்பா கட்டும் பளையகாட் லுங்கிக்கு அந்தப் பெயரே பழவேற்காட்டால் வந்ததுதான். அதனால் ஊர் ஞாபகமாக ஒரு லுங்கி வாங்கியே தீருவேன் என்று கடைத்தெருவில் இறங்கினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லுங்கியா? நாங்களே வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுலதான் எடுத்தாறோம் தம்பி." அது எங்கள் தண்டையார்பேட்டைக்குப் பக்கத்துப் பேட்டை.

சரி, தீவையாவது பார்ப்போம் என்று பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ்குப்பம் பக்கம் போனோம். காட்டுப்பள்ளித் தீவின் வடக்கு முனை அது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் வங்கக்கடல். "இன்னாபா, தீவுன்னுட்டு ஆட்டோல இட்டுனு வர்ற?" என்று ஒருத்தனுக்குக் கோபம். போட் சவாரி வேண்டுமா என்று ஒருவர் வந்து காதைக் கடித்தார். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள், அதற்குப் பிறகுதான் சவாரிக்குத் தடையே வந்தது. வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டோம். பூநாரையும் கண்ணில் படவில்லை. கொக்கைக் காட்டிச் சமாளித்தேன்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன்: ஊர் ஞாபகமாக வாங்குவதென்றால் அந்த ஊர்க் கைவேலையை வாங்க வேண்டும். சுற்றுலா போகிற இடத்திலெல்லாம் சிப்பி சாவிக்கொத்து, சங்கில் பெயர் எழுதியது, சிப்பி விளக்கு. எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே முகம். பழவேற்காட்டில் பனை ஓலை முடைகிறார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மா, குருத்தோலையை வாராக வகிர்ந்து, கத்தரிப்பூ நிறமும் பச்சையும் மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டிருந்தார். பேச்சு எங்களோடு, விரல் பாட்டுக்கு விரல். நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் உள்ளங்கை அளவு பெட்டிக்கு மூடி வந்துவிட்டது. மூடினால் டப்பென்று உட்காருகிறது. சாயம் ஒட்டுமா என்று கேட்டேன். "கொதிக்க வெச்சு ஏத்துன சாயம் தம்பி, உன் சட்டை சாயம் போனாலும் இது போவாது" என்றார். பேரம் பேச வாயைத் திறந்த நண்பனை முழங்கையால் இடித்தேன். அந்தமானில் சிப்பி விளக்குக்குக் கேட்ட விலையைக் கொடுத்த ஆள் அவன்.

அப்புறம் கருவாடு. காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஏரிக்கரையில் அரைக்கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினேன், மறுக்கவில்லை. திரும்பும்போது ரயிலில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. எதிர் சீட்டு அக்கா, "எவ்ளோக்கு வாங்கினீங்க?" என்றார். சொன்னேன். "ஏமாந்துட்டீங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அம்மாவும் அதையே சொன்னார், இன்னும் கொஞ்சம் சத்தமாக. ஓலைப்பெட்டியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. ஆபீஸ் மேசைக்கு என்று நான் வாங்கியது. காலையில் பார்த்தால் அவருடைய பிரஷர் மாத்திரை அட்டைகள் அதற்குள் குடியேறியிருந்தன. இன்னொன்று வாங்க மறுபடி ரயில் ஏற வேண்டும். லுங்கிக்கு எம்.சி. ரோடு இருக்கவே இருக்கிறது.