சகலையும் நாலு பாட்டிலும்

(பெங்களூரு. அடுக்குமாடி வீட்டின் பால்கனி. பாஸ்கர் வீட்டுக்காரர், சனிக்கிழமையானால் ஒயின். சுருளி அவருடைய மூத்த சகலை. கம்பத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருப்பவர். அக்காவும் தங்கையும் சிக்பேட்டைக்குச் சேலை எடுக்கப் போயிருக்கிறார்கள். ஆகவே நேரத்துக்குப் பஞ்சமில்லை.)

பாஸ்கர்: அண்ணே, நாலு பாட்டில். எதுவும் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. வெளிநாட்டுச் சரக்கு ஒண்ணுகூடக் கிடையாது. நாசிக், நந்தி மலை, சோலாப்பூர் பக்கம் அக்லுஜ். எல்லாம் நம்ம நாட்டுப் பழம்.

சுருளி: ஒரு பாட்டிலுக்கு எம்புட்டுப் பழம் புடிக்கும் சகல?

பாஸ்கர்: 750 மில்லிக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும்.

சுருளி: கிலோ ஆயிரம் ரூவா! எங்க ஊர்ல வியாபாரி பந்தலுக்கு அடியில நின்னுக்கிட்டு, ரெண்டு ரூவா குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசுவான்.

பாஸ்கர்: பாட்டில், மூடி, லேபிள், கடைக்காரர் லாபம், அதுக்கு மேல கலால் வரி. அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேற, அதனால ஒரே ஒயினு ஊருக்கு ஒரு விலை. மகாராஷ்டிராவுல 2001-ல இதுக்குன்னே ஒரு கொள்கை கொண்டுவந்து சலுகை குடுத்தாங்க. கர்நாடகாவுல 2007-ல.

சுருளி: எங்க பன்னீர் திராட்சைக்கும் 2023-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க.

பாஸ்கர்: அப்ப விலை ஏறியிருக்குமே?

சுருளி: வியாபாரி வாழ்த்துச் சொன்னான். சொல்லிட்டு ரெண்டு ரூவா குறைச்சான்.

(பாஸ்கர் முதல் பாட்டிலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வருகிறார்.)

பாஸ்கர்: இது நாசிக். செனின் பிளாங்க்னு ஒரு திராட்சை ரகம், வெள்ளை ஒயின். சூலா ஒயின் கம்பெனிக்காரங்க 1999-ல ஆரம்பிச்சப்போ அந்த ஊர்ல பெரும்பாலும் சாப்பிடற திராட்சைதான் போட்டுட்டிருந்தாங்க.

சுருளி: திறங்க. (அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து) டம்ளர் எங்க இருக்கு? எவர்சில்வர்ல இருந்தாப் போதும்.

பாஸ்கர்: ஐயோ, வேண்டாம்ணே. வாய் குறுகின கண்ணாடிக் கிளாஸ்தான் வேணும். ஒயினுல பாதி ருசி மூக்குல இருக்கு. அகல வாய் டம்ளர்ல ஊத்தினா வாசனை மாடிப்படி இறங்கிப் போயிடும். கிளாஸ் கழுவின சோப்பு வாசனையும் இருக்கக் கூடாது, வெறும் தண்ணியில இன்னொரு தடவை அலசணும்.

சுருளி: சரி, ஊத்துங்க... என்னங்க இது, கால் கிளாஸ்? கோயில் தீர்த்தமா?

பாஸ்கர்: மூணுல ஒரு பங்குதான் ஊத்தணும். மிச்ச இடம் சுத்தறதுக்கு. கிளாஸை மேசையில வெச்சபடியே அடியைப் புடிச்சு வட்டமா...

(சுருளி கையில் தூக்கிச் சுற்றுகிறார். கால் பங்கு சட்டையில்.)

சுருளி: வாசனை வருது. சட்டையில இருந்து.

பாஸ்கர்: பரவாயில்ல, வெள்ளை ஒயின்தான், தண்ணி விட்டாப் போயிடும். இப்ப மூக்கை உள்ள விட்டு இழுங்க. என்ன தெரியுது?

சுருளி: ஒண்ணும் தெரியல. பல்லுதான் கூசுது.

பாஸ்கர்: அதுதான் பாருங்க, குளிர்பெட்டிக்குள்ள 4, 5 டிகிரி இருக்கும். அந்தக் குளிர்ல வாசனை எழும்பாது. வெள்ளைக்கு 8-லிருந்து 10 டிகிரி. வெளியில எடுத்துப் பத்து நிமிஷம் வெச்சாப் போதும்.

சுருளி: விருந்தாளி வந்தப்புறம் குளிர வைக்க மறந்தது ஞாபகம் வந்தா? ஒரு ஐஸ் கட்டியைப் போட்டுக்கலாம்ல?

பாஸ்கர்: உள்ள போட்டா கரைஞ்சு தண்ணியாகிடும். பக்கெட்டுல ஐஸ் போட்டு, தண்ணி ஊத்தி, ரெண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டு, பாட்டிலைக் கழுத்து வரைக்கும் முக்கணும். இருபது நிமிஷம். வெறும் ஐஸ்ல நட்டு வெச்சா நடுவுல காத்துதான் நிக்கும், சீக்கிரம் ஆறாது. ஃப்ரீசர்ல வெச்சு மறந்துட்டா உறைஞ்சு கார்க்கைத் தள்ளும், சில நேரம் பாட்டிலே விரிசல் விடும்.

சுருளி: (கொஞ்ச நேரம் கழித்து மோந்து) ம்... இப்ப வருது. பேரிக்கா. அடியில கொஞ்சம் தேன்.

பாஸ்கர்: (பின் லேபிளைத் திருப்பி) "பேரிக்காய், தேன், வெள்ளைப் பூக்கள்". அண்ணே, பிரமாதம்!

சுருளி: எந்த வெள்ளைப் பூ? மல்லியா, முல்லையா, தும்பையா? பேரு இல்லாத பூ எங்கங்க இருக்கு? எழுதுனவன் தோட்டத்துப் பக்கம் போகாதவன் போல.

பாஸ்கர்: ருசி?

சுருளி: லேசா இனிப்பு. ஆனா புளிப்பு தூக்கிப் புடிக்குது, திகட்டல. பழத்துல சக்கரை எம்புட்டு பிரிக்ஸ் ஏறினதும் வெட்டுறாங்க?

பாஸ்கர்: 22, 24 பிரிக்ஸ்.

சுருளி: அடேயப்பா! நாங்க 17, 18 வந்தாலே லாரியைக் கூப்பிட்டுருவோம்.

பாஸ்கர்: அந்தச் சக்கரைதான் ஆல்கஹால் ஆகுது. பிரிக்ஸை 0.55-ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட சதவீதம் வரும். 24-ன்னா 13. உங்க 17-ல பண்ணினா ஒம்பதுகிட்டதான். நிக்காது, சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால சக்கரை கொட்டணும்.

சுருளி: பழம் எம்புட்டுப் பெருசு இருக்கும்?

பாஸ்கர்: சுண்டைக்காய் அளவு. உள்ள விதை, வெளிய தடிச்ச தோல்.

சுருளி: அதை எந்தச் சந்தையிலயும் வாங்க மாட்டானே!

பாஸ்கர்: இங்க அதுதான் வேணும். நிறமும் வாசனையும் தோல்ல இருக்கு. பழம் சிறுத்தா சாறு குறைவு, தோல் அதிகம். காய்ப்பும் அளவா இருக்கணும், கொடி தாங்கறதைவிட அதிகமா விட்டா ருசி நீர்த்துப் போயிடும்.

சுருளி: கவாத்து? கொடியை எத்தனை தடவை வெட்டி விடுறாங்க?

பாஸ்கர்: வருஷத்துக்கு ரெண்டு. ஏப்ரல்ல ஒண்ணு, செப்டம்பர் அக்டோபர்ல ஒண்ணு. ஆனா வெள்ளாமை ஒண்ணுதான். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள்ள அறுவடை.

சுருளி: அப்ப ஏப்ரல் கவாத்து கொப்பு கட்டுறதுக்கு. அதுல காய் விட்டா மழைக்காலத்துல மாட்டிக்கும், அடிச்சாம்பல் நோய் வந்து மொத்தமும் போயிரும். சரியாத்தான் பண்றாங்க. வெளிநாட்டுல பனிக்குக் கொடி தானாத் தூங்கிரும். இங்க பனி ஏது, நாமதான் வெட்டித் தூங்க வைக்கணும். நாங்க தூங்கவும் விடுறதில்ல. ரெண்டு வருசத்துல அஞ்சு வெள்ளாமை எடுக்கிறவன் இருக்கான்.

பாஸ்கர்: இவங்களுக்கு வருஷத்துல ஒரே ஒரு வெள்ளாமை.

சுருளி: அதான் கிலோ ஆயிரம் ரூவா! இப்ப வெளங்குச்சு.

(இரண்டாவது பாட்டில். சாவிஞோன் பிளாங்க், இதுவும் வெள்ளை. இதற்கும் திருகு மூடி.)

சுருளி: இதுவும் சோடா பாட்டில் மூடியா? தக்கை வெச்சாத்தான் நல்ல சரக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன்.

பாஸ்கர்: ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல குடிக்கிற ஒயினுக்குத் திருகு மூடிதான் லாயக்கு. மூடியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு பாட்டிலோட அடியைத் திருப்புங்க, சுலபமா வரும்.

சுருளி: பழசாக ஆக ருசி ஏறும்பாங்களே?

பாஸ்கர்: இந்த விலையில இருக்கற வெள்ளைக்கு அது பொருந்தாது. லேபிள்ல இருக்கற வருஷம் அறுவடை வருஷம். இருக்கறதுல புதுசை எடுக்கணும். "சார், இது நாலு வருஷம் பழசு"ன்னு கடைக்காரர் பெருமையாச் சொன்னா, கும்பிடு போட்டுட்டு வந்துடணும். நம்ம ஊர்ல ஒயினைக் கெடுக்கறது ஆலையைவிட வெயில்தான். கடை வாசல்ல, கண்ணாடிக்குப் பின்னாடி, அழகுக்கு அடுக்கி வெச்ச பாட்டிலை எடுக்கவே கூடாது. சூட்டுல உள்ள இருக்கறது விரிஞ்சு கார்க்கைத் தள்ளும். கார்க் வாய்க்கு மேல துருத்திட்டிருந்தாலோ, கழுத்துல பிசுபிசுன்னு இருந்தாலோ வெந்துபோன ஒயின்னு அர்த்தம். வெள்ளை ஒயின் பழுப்பேறியிருந்தாலும் விட்டுடுங்க.

சுருளி: (மோந்து) பச்சைக் குடமிளகா. அறுத்துப் போட்ட பசும்புல்லு. இங்க பாருங்க, கொய்யா வேற.

பாஸ்கர்: நான் மூணு வருஷமா இதுல கொய்யாவைத் தேடிட்டிருக்கேன்!

சுருளி: தோட்டத்துல தேடணும் சகல. குடிச்சா தலை வலிக்குமா? ஏதோ மருந்து கலக்குறாங்களாமே.

பாஸ்கர்: லேபிள்ல ஐ.என்.எஸ். 220, 224-ன்னு, சேர்த்த பொருளோட நம்பர், சின்னதாப் போட்டிருக்கும் பாருங்க. கந்தக டை ஆக்சைடு சம்பந்தப்பட்டது. கெடாம இருக்கறதுக்கு. சில பேருக்கு, முக்கியமா ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு ஒத்துக்காது.

சுருளி: கந்தகமா! மஞ்ச உலர் திராட்சைக்குப் போடுறதுதானே? பாயாசத்துல அள்ளிப் போடுறோம், எவனுக்கும் தலை வலிச்சதா சொல்லலியே.

பாஸ்கர்: ஒயினைவிட அதுல அதிகமாவே இருக்கும். தலைவலிக்குப் பாதிக் காரணம், கூடத் தண்ணி குடிக்காதது. ஒரு கிளாஸ் ஒயினுக்கு ஒரு கிளாஸ் தண்ணி.

சுருளி: மீதிப் பாதி?

பாஸ்கர்: ரெண்டு பேருக்கு நாலு பாட்டில்.

சுருளி: (கிளாஸைக் கீழே வைத்து) அப்ப ருசி மட்டும் பாப்போம். ஆமா, கோவாவுல இருந்து வரும்ல, போர்ட்டு ஒயினு? அது இதுல பாதி விலைதானே. அதை வாங்கியிருக்கலாம்.

பாஸ்கர்: அது வேற. போர்ச்சுகல் போர்ட்னா பழப் பிராந்தி ஊத்தி 19, 20 சதவீதத்துக்கு ஏத்தினது. இங்க கிடைக்கறது பெரும்பாலும் பெங்களூர் புளூ திராட்சையில சக்கரை தூக்கலாப் போட்டது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு நல்லாவே இருக்கும். கறிச்சோத்துக்குத் தாங்காது.

சுருளி: கறின்னதும் ஞாபகம் வருது. உங்க அண்ணி சுக்கா வறுத்துக் குடுத்துவிட்டாளே, எடுங்க.

(மூன்றாவது பாட்டில். ஷிராஸ், சிவப்பு.)

பாஸ்கர்: பொறுங்க, இது வெளியிலயே இருந்துச்சு. சிவப்பை அறை வெப்பத்துல குடிக்கணும்னு எழுதியிருக்கறது குளிர்நாட்டு அறைக்கு. 16-லிருந்து 18 டிகிரி. நம்ம ஏப்ரல் மாச அறையில 30 டிகிரியில ஊத்தினா ஸ்பிரிட் நெடிதான் முன்னாடி வந்து நிக்கும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில வெச்சு எடுத்துட்டேன்.

சுருளி: (மோந்து) மிளகு.

பாஸ்கர்: சுக்காவுல இருந்து வருதா?

சுருளி: சுக்கா டப்பாவையே இன்னும் திறக்கல. கிளாஸ்லதான். போடிநாயக்கனூர் மலை மிளகு.

பாஸ்கர்: கதை இல்லண்ணே, நிஜம். ரொட்டன்டோன்னு ஒரு பொருள். மிளகுல இருக்கறதும் ஷிராஸ் தோல்ல இருக்கறதும் ஒண்ணேதான். லேபிள்ல "பிளாக்கரன்ட்"-னும் போட்டிருக்கு.

சுருளி: அதை நீங்க தின்னிருக்கீகளா?

பாஸ்கர்: ...ஜாம் பாட்டில்ல படம் பார்த்திருக்கேன்.

சுருளி: இது நாவப்பழம். நாக்குல இழுக்குற துவர்ப்பு உள்பட. அந்தத் துவர்ப்பு எங்கிருந்து, தோலா, விதையா?

பாஸ்கர்: ரெண்டும். சிவப்புக்கு மட்டும் தோலோடவே ஊறப்போடுவாங்க. விதையை நசுக்கிட்டா கசப்பும் வரும்.

(சுருளி ஒரு துண்டு சுக்கா, மேலே ஒரு வாய் ஷிராஸ். கண் விரிகிறது. காது சிவக்கிறது.)

சுருளி: தண்ணி! சகல, தண்ணி!

பாஸ்கர்: சொல்ல வந்தேன். அண்ணி சுக்காவுல வரமிளகாய் தாராளம். ஆல்கஹால் அந்த எரிச்சலை ஏத்திவிடும், துவர்ப்பும் சேர்ந்துக்கும். தண்ணி கேக்காது, முதல் பாட்டில்ல இருந்து ஒரு வாய் குடிங்க.

சுருளி: (செனின் பிளாங்க் குடித்து, மெல்ல) அட... அடங்குதே!

பாஸ்கர்: லேசான இனிப்பு, நல்ல குளிர்ச்சி, ஆல்கஹாலும் கொஞ்சம் கம்மி. காரத்துக்கு அதுதான். வறுத்த மீனுக்கு ரெண்டாவது, கூட எலுமிச்சம்பழம் புழியவே வேண்டாம். ஷிராஸுக்கு மிளகுக் கறி, மிளகாய் இல்லாதது. கறின்னா சிவப்புன்னு எவனோ சொல்லி வெச்சதை நம்பிட்டு, நம்ம ஆளுங்க ஆந்திரா பிரியாணிக்குச் சிவப்பு ஒயினை ஊத்திட்டு, ஒயின் கசக்குதுன்னு திட்டறாங்க.

சுருளி: கடைசிப் பாட்டில் எதுங்க? தக்கை வெச்சிருக்கே, மரியாதையான ஆளு போல.

பாஸ்கர்: (குரலைத் தாழ்த்தி) இதுதான் நான் எடுத்து வெச்சிருந்தது. கேபர்னே திராட்சைக் கலவை, சிவப்பு. திறக்கறதைப் பாருங்க. திருகாணி நடுவுல நேரா இறங்கணும். சாஞ்சு இறங்கினா கார்க் பாதியில உடையும். அப்படி உடைஞ்சா மிச்சத்தை உள்ள தள்ளிட்டு டீ வடிகட்டியில வடிச்சுக்கலாம், தப்பில்ல... வந்துடுச்சு.

(ஊற்றுகிறார். கண்ணை மூடி மோந்து, ஒரு கிளாஸைக் காலி செய்துவிட்டு, இன்னொன்று ஊற்றிக்கொள்கிறார்.)

பாஸ்கர்: ஆஹா. மண் வாசனை. பழைய காட்டுல, உதிர்ந்த இலைமேல நடந்து போறோம். ஆழம் அண்ணே, ஆழம்! பழ வாசனை தன்னை அடக்கிட்டு நிக்குது. பெரிய ஒயினுக்குத்தான் இந்த அடக்கம் வரும்.

சுருளி: (மோந்து, கிளாஸைத் தள்ளி வைத்து) சகல, தப்பா நெனைக்காதீக. இது மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம்.

பாஸ்கர்: சேச்சே.

சுருளி: பழத்தை நாங்க அட்டைப்பெட்டியிலதான் அனுப்புறோம். லாரியில தார்ப்பாய் ஒழுகி ஊறிப்போன பெட்டி எனக்குத் தெரியாதா? காட்டுக்குப் போகல நீங்க, கோடவுனுக்குப் போயிருக்கீக.

பாஸ்கர்: (மறுபடி மோந்து, கார்க்கை எடுத்து மோந்து, நீண்ட அமைதிக்குப் பின்) ...டி.சி.ஏ.

சுருளி: அது யாரு?

பாஸ்கர்: கார்க்குல இருக்கற பூஞ்சையும் குளோரின் சம்பந்தப்பட்ட பொருளும் சேர்ந்தா வர்றது. லட்சம் கோடியில சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். உடம்புக்குக் கெடுதல் இல்ல. பழ வாசனையை மொத்தமா அமுக்கிடும், அவ்வளவுதான்.

சுருளி: அதான் பழம் தன்னை அடக்கிட்டு நிக்குதோ.

பாஸ்கர்: ...

சுருளி: காத்தாட வெச்சாப் போயிருமா?

பாஸ்கர்: கூடத்தான் செய்யும். பத்து நிமிஷத்துல இன்னும் மோசமா வரும். ஆலைமேலயும் பெரிய குத்தமில்ல, கார்க் வெச்ச எந்த நாட்டு ஒயினுக்கும் நேரும். திருகு மூடிக்கு மாறினதுக்கு இதுதான் முக்கியக் காரணம்.

சுருளி: அப்ப பணம் போச்சா?

பாஸ்கர்: போகாது. கார்க்கைத் திரும்ப மாட்டி, பில்லோட கடைக்குக் கொண்டுபோனா நல்ல கடையில மாத்திக் குடுப்பாங்க. ஒரே நிபந்தனை, பாட்டில் கிட்டத்தட்ட நிறைஞ்சு இருக்கணும். ஒரு வாய் ருசி பார்த்ததும் தெரிஞ்சுதுன்னு சொல்லணும்.

(இருவரும் பாட்டிலைப் பார்க்கிறார்கள். பாதிதான் இருக்கிறது.)

சுருளி: காட்டுக்குள்ள ரொம்ப தூரம் நடந்துட்டீக சகல.