கருவி எண்ணுவது ஆட்களை அல்ல

‘யூரோவெலோ 6 பாதையில் ஆண்டுக்குப் பல லட்சம் பேர் அட்லாண்டிக் முதல் கருங்கடல் வரை சைக்கிளில் போகிறார்கள்’ என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

பிரான்சிலிருந்து ருமேனியா வரை 10 நாடுகளைக் கடக்கும் அந்தப் பாதையில் ஆங்காங்கே உள்ள தானியங்கிக் கருவிகள், கடந்துபோகும் சைக்கிள்களை மட்டுமே எண்ணுகின்றன. வியன்னாவில் காலையில் வேலைக்குப் போய் மாலையில் அதே வழியில் திரும்பும் ஒருவர் நாளுக்கு இரண்டு முறை பதிவாவார். நெடும்பயணம் போகிறவரோ வழியில் உள்ள ஒவ்வொரு கருவியிலும் பதிவாவார். எல்லாவற்றையும் கூட்டினால் எண் வீங்கத்தான் செய்யும்.

சரி, அப்போது இந்த எண்கள் வீணா? இல்லவே இல்லை. ஒரே கருவியின் பதிவை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் போக்கு தெரியும். வார நாட்களில் காலையும் மாலையும் கூட்டம் ஏறினால், அங்கே வேலைக்குப் போகிறவர்களே அதிகம் என்று கணிக்கலாம்.