அது தலை இல்லை, வால்

வெள்ளிக்கிழமையிலிருந்து நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் சுற்றிக்கொண்டிருக்கிற அந்த வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோயிலில் எல்லாரும் கூடிச் செய்த கோத்தோங் ரோயோங் துப்புரவில், பின்பக்க லோங்காங்கை, அதாவது சாக்கடைக் கால்வாயைத் தோண்டும்போது வந்த பாம்பு. யார் அடித்தது, யார் படம் எடுத்தது என்று எல்லாருக்கும் தெரியும். பெயர் வேண்டாம். "ரெட்டைத் தலைப் பாம்பை முடிச்சிட்டோம்" என்று தலைப்பு வேறு.

தம்பிகளா, அது தலை இல்லை. வால்.

வீடியோவைக் கடைசிவரை பார்த்தேன். கறுப்பு உடம்பு, குறுக்கே வெளிறிய பட்டைகள், கட்டையான வால், வாலின் அடிப்பக்கம் நல்ல சிவப்பு. விஷமே இல்லாத பாம்பு. சிலிண்ட்ரோஃபிஸ் என்பது இந்த வகைப் பாம்பின் அறிவியல் பெயர். ஈர மண்ணுக்குள்ளும் சேற்றிலும் வாழும். விலாங்கையும் மற்ற பாம்புகளையும் தின்னும். முட்டை போடாது, குட்டி போடும். ஆபத்து என்று பட்டால் தலையைச் சுருளுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, உடம்பைத் தட்டையாக்கி, வாலைத் தூக்கிச் சிவப்பைக் காட்டும். அடிக்கிறவன் அதைத் தலை என்று நினைத்து அங்கே அடிக்கட்டும், உண்மையான தலை பிழைக்கட்டும் என்பதுதான் கணக்கு. அந்தப் பாம்புக்கு இருக்கிற தற்காப்பு அவ்வளவுதான்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? முதல் அடி வாலில். அது நெளிந்தது. அப்புறம் ஒருவர் "இன்னொரு தலை உள்ள இருக்கு" என்று கத்த, மண்வெட்டியால் சுருளைப் புரட்டி, ஒளித்து வைத்திருந்த தலையைத் தேடி எடுத்து அடித்தீர்கள். சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

வாலில் கொடுக்கு இருக்கும், கொட்டும் என்று குரூப்பில் ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. பூந்தொட்டி மண்ணில் வருமே புழுப்பாம்பு, அதன் வால் நுனியில் சின்ன முள் உண்டு. மண்ணில் ஊன்றி உடம்பை முன்னே தள்ளத்தான் அது. எறும்பு, கரையான் முட்டைகளைத் தின்று வாழும் பிராணி, அதற்கும் விஷம் கிடையாது.

இன்னொருவர் இது கோடிக்கணக்கில் விலை போகுமே, விற்றிருக்கலாமே என்கிறார். இந்தியாவில் மண்ணுளிப் பாம்புக்கும் இதே கதையைக் கட்டி, 1972 வனவிலங்குச் சட்டம் இருந்தும் பிடித்துக் கடத்துகிறார்கள். அதுவும் வால் மழுங்கிய ஒரு சாதுவான பாம்பு, அதற்கும் ஒரே தலைதான்.

நம் தாத்தாக்கள் புறப்பட்டு வந்த பக்கம், தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் ஒரு பாம்புக் குடும்பம் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு வால் அரிவாளால் சாய்வாகச் சீவியது போல முடியும், மேலே சொரசொரப்பாக இருக்கும். மண் அதில் ஒட்டி, பாம்பு உள்ளே போனதும் வளைக்குப் பின்னால் மூடியாக நிற்கும். மண்ணுக்குள் வாழும் இந்த மாதிரிப் பாம்புகளுக்கு வால்தான் கேடயம். வாலைப் பார்த்து ஒன்றைக் கொல்வது எனக்கு மகா அநியாயமாகப் படுகிறது.

சரி, ஒரு கேள்வி நியாயமானது. "பவளப் பாம்பாக இருந்தால் என்ன செய்வது?" நம் நாட்டில் அது உண்டு. உடம்பு கருநீலம், பக்கத்தில் வெளிர்நீலக் கோடு, தலையும் வாலும் வயிறும் சிவப்பு. கடும் விஷம். அதுவும் பயந்தால் தலையை மறைத்துச் சிவப்பு வாலைத் தூக்கும். எது எது என்று தெரியாதபோது இரண்டடி தூரத்தில் மண்வெட்டியோடு நிற்பதா பாதுகாப்பு? தள்ளி நில்லுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், அவசர எண் 999க்கு போன் அடியுங்கள். பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புப் படையினர், வருவார்கள். அடிக்கப் போகிறவன்தான் கடி வாங்குவான்.

"படித்துவிட்டு டவுனில் உட்கார்ந்து பேசுவது சுலபம், தோட்டத்தில் இருந்து பார்" என்று எழுதிய அண்ணனுக்குத் தனியாகச் சொல்கிறேன். நான் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். என் அம்மா இருட்டில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு பால் வெட்டியவர். மழை விட்ட ஒரு காலையில், பள்ளத்து மண்பாதையில் இதே பாம்பு வாலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. நான் அலறினேன். அம்மா என்னைப் பின்னால் இழுத்து நிறுத்தி, "அது பயந்து கிடக்கு, நீ ஏன் பயப்படுற? போகட்டும்" என்றார். அது போகும்வரை வாளியோடு நின்றார். தன் நிரை மரங்களை வெட்டி முடிக்கத் தாமதமாகி அன்றைக்குத் திட்டும் வாங்கினார். பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு இருந்த பொறுமை அது. எனக்குத் தோட்டம் தெரியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள் அண்ணே, அது வலிக்கிறது.

அதே கோயிலில்தான் நாகம்மா புற்று இருக்கிறது. ஆடி மாதம் பாலும் முட்டையும் வைக்க வரிசையில் நிற்கிறோம், நானும் நிற்கிறேன். புற்றுக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கம் போய் அடிக்க எப்படி மனது வருகிறது? நாகம் வேறு, இது வேறு என்பீர்கள். அம்மனிடம் போய் அதைச் சொல்லுங்கள்.

"அவ்வளவு பாசம் இருந்தால் நீயே வந்து பிடி" என்று கேட்டவருக்கும் பதில் உண்டு. பிடிக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிடுவேன், அவர்கள் வரும்வரை அங்கேயே நிற்பேன். இரவானாலும் கூப்பிடுங்கள், என் நம்பர் குரூப்பிலேயே இருக்கிறது. அந்த வீடியோவை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.