சீனப் புத்தாண்டன்று நமக்கு வேலை இருக்கிறது

எங்கள் வட்டார நற்பணி மன்றத்தின் அடுத்த சில மாதங்களுக்கான நிகழ்ச்சிகள் முடிவாகிவிட்டன. கூட்டத்தில் நான் நெடுநேரம் வாதாடிய ஒரு விஷயத்தை இங்கேயும் எழுதிவிடுகிறேன். தீபாவளி மாதத்தில் குவிகிற நம் உதவியில் ஒரு பகுதியையாவது சீனப் புத்தாண்டுக்கு நகர்த்த வேண்டும். சிங்கப்பூரில் ஓர் இந்தியர் அமைப்பு தொண்டு செய்வதற்கு அந்த நாட்களைவிடப் பொருத்தமான நாட்கள் ஆண்டு முழுவதும் தேடினாலும் கிடைக்காது. இது என் உறுதியான கருத்து.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு ஏதாவது ஓர் அரசாங்க வாடகை வீட்டு அடுக்குமாடி புளோக்குக்குப் போய்ப் பாருங்கள். ஓரறை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு தமிழ் முதியவருக்குச் சமூக மன்றத்து இந்தியர் நற்பணிச் செயற்குழுவிடமிருந்து ஒரு பை வரும். கோயிலிலிருந்து ஒன்று, ஏதோ ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடமிருந்து ஒன்று, பள்ளி மாணவர்களிடமிருந்து ஒன்று, எங்களிடமிருந்து ஒன்று. எல்லாவற்றிலும் அரிசி, எண்ணெய், பருப்பு, மைலோ, பிஸ்கட் டின், முறுக்கு, ஒரு பெட்டி இனிப்பு. கொடுப்பவர்கள் மனதாரத்தான் கொடுக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாங்கும் கையைப் பார்க்க வேண்டாமா? ஒரே வாரத்தில் சேர்கிற அவ்வளவு அரிசியை அந்த வீட்டில் எங்கே வைப்பது? சமைத்து முடிப்பதற்குள் வண்டு வந்துவிடுகிறது. நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிற பாட்டியின் மேசையில் மூன்று பெட்டி லட்டு. இந்தியரிடையே நீரிழிவு அதிகம் என்பது இந்த நாட்டில் சிறு பிள்ளைக்கும் தெரியும். 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. அப்படியும் பைக்குள் போடும் பட்டியல் மாறுவதாக இல்லை.

இதைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது ஓர் அம்மா சொன்ன பேச்சால்தான். எழுபதைத் தாண்டியவர், முட்டிவலி, பிள்ளைகள் இல்லை. தீபாவளிப் பையைக் கொடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, தீபாவளிக்கு எல்லாரும் வர்றீங்க, சந்தோசம். சீனப் பெருநாளுக்கு கடை எல்லாம் மூடிருவாங்கப்பா. அப்ப யாராச்சும் ஒரு எட்டு வந்தா நல்லா இருக்கும். அந்த ரெண்டு மூணு நாளு ரொட்டியும் பிஸ்கட்டும்தான்.”

நம்மில் பலருக்கு இது தெரியவே தெரியாது. தனியாக வாழும் முதியவர்களில் நிறையப் பேர் சமைப்பதில்லை. ஒருவருக்காக அடுப்பு மூட்டுவது அலுப்பு, கை நடுங்குகிறது, கண் சரியாகத் தெரியவில்லை, காரணங்கள் பல. கீழே கோப்பிக் கடையிலோ உணவங்காடியிலோ வாங்கிச் சாப்பிட்டே பொழுது போகிறது. சீனப் புத்தாண்டுக்குக் கடைக்காரர்களும் மனிதர்கள்தானே, குடும்பத்தோடு இருக்கப் போகிறார்கள். சிலர் ஒரு வாரம்கூட மூடுகிறார்கள். முதியவர்கள் பகலில் கூடும் துடிப்பாக மூப்படைதல் நிலையங்களிலும் பல, பொது விடுமுறையில் திறப்பதில்லை. தேக்காவில் (லிட்டில் இந்தியா) நம் உணவகங்கள் திறந்திருக்கும், உண்மைதான். உட்லண்ட்ஸிலிருந்தோ ஈசூனிலிருந்தோ முட்டிவலியோடு பேருந்து, ரயில் மாறி ஒரு சாப்பாட்டுக்காகத் தேக்கா வருவது நடக்கிற காரியமா?

அடுத்த சீனப் புத்தாண்டு 2027 பிப்ரவரி 6, சனிக்கிழமை. இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுவதால் திங்களும் விடுமுறை. சேர்ந்தாற்போல் மூன்று நாள். அந்த வாரத்தையொட்டியே நோன்பு மாதமும் தொடங்கவிருக்கிறது, ஆகவே வழக்கமாகக் கை கொடுக்கும் மலாய்த் தொண்டூழிய நண்பர்களும் அவரவர் வீட்டு வேலையில் இருப்பார்கள். சீனத் தொண்டூழியர்கள் ஆண்டெல்லாம் உழைத்துவிட்டு அந்த நாட்களில்தான் பெற்றோரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யார் மிச்சம்? நாம்தான். வீட்டில் விருந்து இல்லை, வேலைக்கும் விடுமுறை. பெரும்பாலோர் ஜோகூருக்கோ கடைத்தொகுதிக்கோ போய்ப் பொழுதைக் கழிக்கிறோம். சமைத்த சாப்பாட்டை முதியவர்களின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க, மூன்று நாளில் ஒரு காலைப் பொழுதைக் கொடுத்தால் போதும், ஒரு பேட்டையே நிமிர்ந்துவிடும்.

கூட்டத்தில் ஓர் அண்ணன் கேட்டார், “நம்ம ஆளுங்களுக்குச் செய்யவே கை போதல, இதுல சீனருக்கும் சேர்த்தா?” அவர் பல ஆண்டு உழைத்தவர், கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை. நான் சொன்ன பதில்: கதவு வாரியாகப் போகும்போது இனம் பார்த்து மணி அடிக்க முடியாது. நம் பாட்டிக்கு மீகூன் (அரிசி சேமியா) கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் சீனத் தாத்தாவைக் கடந்து வர எனக்குக் கால் வராது. ஊரே சிவப்பு உடுத்திப் பேரப்பிள்ளைகளோடு போகும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் அந்த மனிதருக்கு, நம் பாட்டியைவிடக்கூட அன்று மனம் கனத்திருக்கும். 2030ஆம் ஆண்டுக்குள் இந்நாட்டுக் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதைத் தொட்டிருப்பார் என்கிறது அரசாங்கம். இப்போதே பழகிக்கொள்வது நல்லது. கூடவே வசிப்போர் குழுவிலிருக்கும் சீன நண்பர்களிடமும் பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. அன்று நாம் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பலகாரம் சாப்பிடுகிற வேளையில், நம் பட்டியலிலுள்ள முதியவர்களை அவர்கள் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவுடனே சம்மதித்தார்கள். இத்தனை காலம் யாரும் கேட்காததுதான் குறை.

சாப்பாட்டு விவரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனம் மட்டும் இருந்தால் சோறு கெடாமல் இருக்காது. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது இங்குள்ள விதிமுறை. காலை ஆறு மணிக்குச் சமைத்ததைப் பகல் ஒரு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் நாமே வயிற்றுக் கோளாறைப் பரிசளித்த மாதிரி. அதனால் சமையல் தாமதமாகத் தொடங்கும், கொண்டுபோகும் வழிகள் சிறியதாக இருக்கும், இருவர் சேர்ந்த ஓர் இணைக்கு ஒரு புளோக்குக்கு மேல் கிடையாது. சைவ மீகூன், வேகவைத்த காய், தோஃபு என்று எல்லா இனத்தவரும் எல்லா மதத்தவரும் தொடக்கூடிய உணவாக வைத்திருக்கிறோம். பல் இல்லாதவர்களுக்குக் கஞ்சி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உப்பைக் குறைத்துத் தனிப் பெட்டி, அதில் பெயர் எழுதியிருக்கும். இணையில் ஒருவருக்குத் தமிழும் இன்னொருவருக்குக் கொஞ்சமாவது மாண்டரினோ ஹொக்கியனோ மலாயோ தெரிந்திருந்தால் நல்லது.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பையைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பக் கூடாது. மணி அடித்து, முகத்தைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வீடு. படம் எடுக்கவும் வேண்டாம். வாங்குகிறவர் நம் முகநூலுக்கு வந்து நிற்கக் கடமைப்பட்டவர் இல்லை.

தீபாவளிப் பை நிற்காது, கவலைப்பட வேண்டாம். அளவைக் குறைத்து, இனிப்புக்குப் பதில் பழமும் வறுத்த கடலையும் வைத்து, மிச்சப் பணத்தைக் கடையில் பொருள் வாங்கும் பற்றுச்சீட்டாகப் பிரித்து மார்ச் வரை மாதம் ஒருமுறை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம். மற்ற அமைப்புகளோடும் பேசி, யார் எந்த புளோக் என்று பிரித்துக்கொள்ள முயல்கிறோம். இது எளிதில் நடக்கும் என்று தோன்றவில்லை. எல்லோருக்கும் தங்கள் சின்னம் போட்ட பை வேண்டும். ஆனாலும் விடுவதாக இல்லை.

ரத்த தான முகாமுக்கும் இதே கதைதான். ஆண்டு தொடங்கும்போது நல்ல காரியம் செய்வோம் என்று ஜனவரியில் முகாம் வைக்கிற வழக்கம் நம் அமைப்புகள் பலவற்றில் உண்டு. டிசம்பர் பள்ளி விடுமுறையில் பாதிப் பேர் இந்தியாவுக்குப் போய் வந்திருப்பார்கள். மலேரியா அபாயம் உள்ள பகுதிகளுக்குப் போய்த் திரும்பியவர்கள் சில மாதங்கள் காத்திருந்துதான் ரத்தம் கொடுக்க முடியும். வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, பயணக் கேள்விக்கு வந்ததும் திரும்பிப் போகிறார்கள். ஆசையோடு வந்தவர் அடுத்த முறை வருவாரா? ஆகவே எங்கள் முகாம் இந்த முறை நவம்பர் நடுவில், பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன்பே நடக்கும். ஒருமுறை கொடுத்தவர் 12 வாரம் கழித்து மீண்டும் கொடுக்கலாம். அப்படியென்றால் நவம்பரில் கொடுத்துவிட்டு டிசம்பரில் வெளியூர் போகாதவர்கள் பிப்ரவரியில் மறுபடியும் தகுதி பெறுகிறார்கள். பண்டிகைக் காலங்களில் ரத்தம் கொடுப்போர் குறைவது செஞ்சிலுவைச் சங்கம் அடிக்கடி சொல்லும் விஷயம். செவ்வணுக்களை 42 நாள் வரை பாதுகாக்கலாம், தட்டணுக்கள் ஏறக்குறைய ஒரு வாரம்தான் தாங்கும். பெருநாள் விடுமுறைக்காக எந்த நோயாளியின் சிகிச்சையும் ஒத்திப்போடப்படுவதில்லை. அந்த வாரத்தை நாம் தூக்கிச் சுமந்தால் எவ்வளவு பெரிய உதவி!

பெண்களிடம் ஒரு வார்த்தை. ஹீமோகுளோபின் குறைவு என்று திரும்பிப் போகிறவர்களில் நம் அக்கா தங்கைகள்தான் அதிகம் என்பதை முகாமில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பெண்களுக்கு 12.5 கிராம், ஆண்களுக்கு 13 கிராம் இருக்க வேண்டும். எடை 45 கிலோவாவது வேண்டும். நவம்பருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கீரை, பயறு, சாப்பிடுபவர்களுக்கு ஈரல், இவற்றை இப்போதே கூட்டிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேநீர் தடுக்கிறது. அப்படியும் எண்ணிக்கை குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தம் கொடுப்பது இருக்கட்டும், உங்கள் உடம்புக்கு முதலில் அது தேவை.

உயிர்காப்புப் பயிற்சி செப்டம்பரில், தமிழிலேயே. இதிலும் நேரம்தான் பிரச்சினை. சனிக்கிழமை காலை வகுப்பு என்றால் அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் வருவார்கள். கட்டட நுழைவாயிலில் 12 மணி நேரம் நிற்கும் நம் பாதுகாவலர் அண்ணன்கள் வர முடியாது, வேலையிடத்திலிருக்கும் ஊழியத் தம்பிகளும் வர முடியாது. யாராவது சுருண்டு விழுந்தால் முதலில் ஓடி வருபவர் அந்தப் பாதுகாவலர்தானே? இதயம் நின்ற பிறகு நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. அவசர மருத்துவ வண்டிக்கான 995ஐ அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் எப்படி அழுத்துவது என்று வழிகாட்டுவார், ஆனால் ஒருமுறையாவது பொம்மையில் செய்து பார்த்த கைக்கு வரும் துணிச்சல் வேறு. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, நிறுத்தாமல். 2015இலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளின் மின்தூக்கி வாசலில் இதய இயக்க மீட்புக் கருவிகளை வைத்து வருகிறார்கள். உங்கள் புளோக்கிலோ பக்கத்து புளோக்கிலோ எங்கே இருக்கிறது என்று இன்றே இறங்கிப் பாருங்கள். வகுப்பு வேலைநாள் மாலை ஒன்று, ஞாயிறு பிற்பகல் ஒன்று. ஞாயிறு வகுப்பு வெளிநாட்டு ஊழியர்களை மனத்தில் வைத்தே.

மோசடித் தடுப்பு விளக்கம் அக்டோபரில், புளோக் கீழ்த்தளத்தில், சிறு குழுக்களாக. 2024ஆம் ஆண்டு மட்டும் இங்கே மோசடியில் பறிபோன தொகை 1.1 பில்லியன் வெள்ளி. சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799. அந்த நான்கு இலக்கத்தை முதியவர்களின் கைப்பேசியில் பதிந்து கொடுப்பதே பாதி வேலை.

இவ்வளவு சொன்னதால் மேடை நிகழ்ச்சிகளுக்கு நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். தமிழ் முரசு இதழை நடத்திய கோ. சாரங்கபாணி 1952ஆம் ஆண்டு தமிழர் திருநாளைத் தொடங்கியபோது, சாதி மதம் பாராமல் தமிழரை ஒரே இடத்தில் சேர்க்கப் பொங்கலையும் கலையையும்தான் கையிலெடுத்தார். இன்றும் பாட்டுப் போட்டி என்றால் வருகிற கூட்டம் சுகாதாரப் பேச்சுக்கு வராது. பொங்கல் நிகழ்ச்சி வழக்கம்போல் ஜனவரியில் நடக்கும், பானையும் கோலமும் பிள்ளைகளின் நடனமும் எல்லாம் உண்டு. பொன்னாடைகளையும் நினைவுப் பரிசுகளையும் மட்டும் இம்முறை நிறுத்தியிருக்கிறோம். அந்தப் பணம் பிப்ரவரி சாப்பாட்டுக்குப் போகிறது. சிறப்பு விருந்தினர்களிடம் சொன்னபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். அரங்க வாசலில் ஒரு மேசை போட்டு, சீனப் புத்தாண்டுத் தொண்டூழியர் பட்டியலுக்குப் பெயர் எழுதுவோம்.

இப்போதே சொல்லக்கூடியவர்கள் இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள். கார் ஓட்டுபவர்கள் வேண்டும். பெரிய அளவில் சமைத்துப் பழகியவர்கள் வேண்டும். மாண்டரின் படித்த நம் பிள்ளைகள் இருந்தால் அனுப்பிவையுங்கள், பெற்றோரில் ஒருவர் கூட வந்தால் 13, 14 வயதுப் பிள்ளைகளும் வரலாம். சனிக்கிழமைக்கு ஆள் தானாகச் சேர்ந்துவிடும். பிப்ரவரி 8ஆம் தேதி திங்கட்கிழமை காலைக்குத்தான் எனக்குக் கவலை, அன்று வர முடிந்தவர்கள் ‘திங்கள்’ என்று ஒரு சொல் எழுதினால் போதும், நானே அழைக்கிறேன்.