‘ஃபாலோ’ தமிழால் வந்த பிழை அல்ல
மலேசியாவில் ‘ஐ ஃபாலோ யூ’ (உங்கள் பின்னால் வருகிறேன்) என்று சொல்லிவிட்டு நம் காரிலேயே ஏறிக்கொள்வது தமிழில் யோசிப்பதால் வரும் பிழை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழில் யோசித்தால் ‘உங்ககூட வரேன்’ என்றுதானே வரும்? இது மலாய்ச் சொல்லான ‘இக்குட்’ செய்த வேலை. பின்னால் போனாலும் சேர்ந்து போனாலும் அங்கே அதே சொல்தான். மாண்டரின் சீனத்தின் ‘கென்’னும் ஏறக்குறைய அப்படியே. அதனால்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூன்று இனத்தாரும் ஒரே மாதிரி ‘ஃபாலோ’ பண்ணுகிறோம். லண்டனிலிருந்து வந்த என் மைத்துனர்தான் பாவம், அதைக் கேட்டுத் தனிக் காரைத் தேடினார். தேர்வுத்தாளில் வேண்டுமானால் திருத்துங்கள், சரி. ஆளைக் கொண்டுபோய் விடுவதை ‘செண்ட்’ என்பதும் இதே கதைதான்: கடிதத்தை அனுப்பினாலும், ஆளை கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டாலும் மலாயில் ‘ஹந்தார்’.