புரோக்ராஸ்டினேஷன் என்றால் சோம்பேறித்தனம் இல்லை!

இதை எழுதி முடிக்காமல் இன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது.

அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒரு முறை மதிப்பீட்டுத் தாள் தருவார்கள். இந்த முறை என் தாளில் 'குறைகள்' என்ற இடத்தில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்: புரோக்ராஸ்டினேஷன், அதாவது தள்ளிப்போடுவது. எந்த வேலையில், எப்போது, எத்தனை நாள், ஒரு விளக்கமும் கிடையாது. மேலாளரிடமே போய்க் கேட்டேன். "அதாங்க, கொஞ்சம் சோம்பேறித்தனம். டைம் வேஸ்ட் பண்றீங்கன்னு அர்த்தம்" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விடாமல் கேட்டபிறகு ஓர் அறிக்கையின் பெயரைச் சொன்னார். அந்த அறிக்கையை நான் எப்போதோ முடித்து, அவருடைய ஒப்புதலுக்குத்தான் அனுப்பியிருந்தேன். 19 நாட்கள் காத்திருந்தேன். மூன்று முறை நினைவூட்டினேன். அவரிடம் கிடந்த அந்த 19 நாட்களும் இப்போது என் கணக்கில் ஏறியிருக்கின்றன!

இந்த அநியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். பொருள் என்னவென்றே பார்க்காமல் ஒரு சொல்லை எடுத்து ஒரு மனிதரின் நெற்றியில் ஒட்டிவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'ப்ரோ' என்றால் முன்னே. 'க்ராஸ்' என்றால் நாளை. 'க்ராஸ்டினுஸ்' என்றால் நாளைக்கு உரியது. இன்றைய வேலையை நாளைக்கு நகர்த்தி வைப்பது, அவ்வளவுதான். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் இந்தப் பொருளோடுதான் வந்தது. இதில் சோம்பேறி எங்கே இருக்கிறான்? நேரத்தை வீணடிப்பது எங்கே இருக்கிறது? சொல்லுக்குள் இருப்பது 'நாளை' மட்டும்தான்.

சரி, நாளைக்கு நகர்த்துவதெல்லாம் புரோக்ராஸ்டினேஷனா என்றால் அதுவும் இல்லை. காய்ச்சலில் படுத்தவர் வேலையை அடுத்த வாரத்துக்கு மாற்றினால் அது ஒத்திவைப்பு. அவசரமான வேறொன்று வந்து இதைப் பின்னுக்குத் தள்ளினால் அது முன்னுரிமை. பியர்ஸ் ஸ்டீல் என்ற உளவியலாளர் 2007இல் இதைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி எழுதிய கட்டுரையில் தெளிவாக வரையறுத்திருக்கிறார். செய்ய வேண்டும் என்று நீங்களே நினைத்த காரியம். அதை யாரும் தடுக்காமல் நீங்களாகவே தள்ளிப்போட வேண்டும். தள்ளிப்போட்டால் உங்களுக்குத்தான் கேடு என்று தெரிந்திருந்தும் தள்ளிப்போட வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தால்தான் அந்தச் சொல். என் அறிக்கை விஷயத்தில் இதில் எது பொருந்துகிறது? நான் தள்ளிப்போடவே இல்லையே!

உண்மையான புரோக்ராஸ்டினேஷன் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அப்பாவின் பரிசோதனை முடிவு ஒரு கவரில் வந்தது. நான்கு நாள் அதைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். அந்த நான்கு நாளும் நான் சும்மா உட்காரவில்லை. அலமாரி முழுவதையும் இறக்கித் துடைத்தேன். பழைய ரசீதுகளை ஆண்டுவாரியாக அடுக்கினேன். வருடக்கணக்கில் பதில் போடாத கடிதங்களுக்கெல்லாம் பதில் போட்டேன். இரவு பன்னிரண்டு மணிவரை வேலை. கவர் மட்டும் மேசையில் அப்படியே இருந்தது. பிரிக்காமல் நாளைத் தள்ளத் தள்ள மருத்துவமும் தள்ளிப்போகும் என்பது தெரியாதா எனக்கு? தெரியும். கை போகவில்லை. அதற்குப் பெயர் சோம்பலா? அது பயம்.

ஃபூஷியா சிரோயிஸ், திமதி பிச்சில் என்ற ஆய்வாளர்கள் 2013இல் எழுதியதும் இதைத்தான். ஒரு வேலையை நினைத்தாலே மனதில் எழும் கலக்கத்திலிருந்து இப்போதைக்குத் தப்பிக்கத்தான் மனிதர்கள் அதைத் தள்ளிப்போடுகிறார்கள், நேரத்தைக் கையாளத் தெரியாததால் மட்டும் இல்லை என்றார்கள். அப்படித் தவிக்கிற ஒருவரிடம் போய் "சோம்பேறி" என்றால் என்ன ஆகும்? கலக்கத்தோடு அவமானமும் சேரும். அந்த வேலை இன்னும் பயங்கரமாகும். இன்னும் தள்ளிப்போகும்.

"தள்ளிப்போடுவது காலத்தைத் திருடும் கள்வன்" என்று ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் யங் 1742இல் எழுதிய கவிதை வரியைக் காட்டி, 'பார், நேரம் வீணாகிறதே' என்று வாதாட வருகிறவர்களும் உண்டு. நேரம் போகிறது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் திருடனுக்கும் திருட்டுப்போன பொருளுக்கும் ஒரே பெயரை வைக்க முடியுமா?

அதிலும் தமிழில் பேசுகிறவர்கள் இந்தத் தவறைச் செய்யும்போதுதான் எனக்குக் கோபம் இரட்டிப்பாகிறது. நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? சுறுசுறுப்பில்லாமல் நின்றால் 'மசமசன்னு நிக்காதே' என்கிறோம். அக்கறையில்லாமல் இருந்தால் மெத்தனம். கோப்பைத் தொடாமலே வைத்திருந்தால் கிடப்பில் போடுவது. அடுத்தவரைக் காக்கவைத்து அலைய விட்டால் இழுத்தடிப்பு. (என் மேலாளர் செய்தது இந்தக் கடைசி இரண்டும்தான். அவருடைய தாளில் அதை யார் எழுதுவார்கள்?) ஒவ்வொன்றும் தனித்தனிக் குற்றம், தனித்தனிப் பெயர். ஆங்கிலச் சொல் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடிவிடுகிறோம்.

வள்ளுவர் இதைக் குழப்பவில்லை. மடியின்மை அதிகாரத்தில், 605ஆம் குறளில், 'நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்' என்கிறார். நெடுநீர் என்பது விரைந்து செய்ய வேண்டியதை நீட்டித்துக்கொண்டே போகும் குணம். மறவி என்பது மறதி. மடி என்பது சோம்பல். துயில் என்பது தூக்கம். நான்கும் கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்று ஒரே படகில் ஏற்றினாலும், நான்கு என்று எண்ணித்தான் ஏற்றுகிறார். சோம்பலைப் பற்றிய அதிகாரத்திலேயே நெடுநீரும் மடியும் வேறு வேறு! கி.மு. 43இல் ரோமில் மார்க் ஆண்டனியை எதிர்த்துப் பேசிய அரசியல்வாதி சிசரோவும், செயலில் மந்தமும் தள்ளிப்போடுவதும் வெறுக்கத்தக்கவை என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் சொன்னார். இவர்கள் யாரும் தள்ளிப்போடுவதை நல்லது என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எதைக் கண்டிக்கிறோம் என்பது தெரிந்து கண்டிக்க வேண்டாமா?

மதிப்பீட்டுத் தாளின் கடைசியில் 'ஊழியரின் கருத்து' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் யாரும் எதுவும் எழுதுவதில்லை. நான் எழுதினேன். அறிக்கையை அனுப்பிய தேதி, நினைவூட்டிய மூன்று தேதிகள், ஒப்புதல் வந்த தேதி, ஒன்றன்கீழ் ஒன்றாக. கீழே கையெழுத்துப் போட்டு அன்று மாலையே கொடுத்துவிட்டேன்.